தலையணையில் வைத்த ஹேர்பின்

நானும் கவிப்ரியாவும் இரண்டு வருடமாக ஒரே கட்டிலில் தூங்கினோம். ஒருநாள்கூடச் சேர்ந்து தூங்கியதில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீரலட்சுமி அக்காவின் லைன் வீட்டில் எங்களுடையது மூன்றாவது அறை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, சுவரோரம் இரண்டு டிரங்குப் பெட்டி. இன்னொரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. அதனால் கம்பெனியில் எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டோம். எனக்கு இரவு, அவளுக்குப் பகலில் ஜெனரல் ஷிஃப்ட். ஸ்கூட்டருக்கு மீட்டர் செய்கிற கம்பெனி. இரவு பத்து மணிக்கு அசெம்ப்ளி லைனில் நின்றால் காலை ஆறு வரை ஸ்க்ரூ முடுக்குவேன். ஏழு மணிக்கு அறைக்கு வருவேன். அப்போதுதான் அவள் எழுந்து, விரிப்பை உதறிப் போட்டுவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். எட்டேகாலுக்கு அவளுக்குப் பஸ். லீவு ராத்திரி மட்டும் நான் வீரலட்சுமி அக்கா வீட்டில் டிவி பார்த்து அங்கேயே படுத்துவிடுவேன்.

நான் கோவில்பட்டிக்காரி. ஓசூர்க் குளிர் எனக்கு இன்றுவரை பழகவில்லை. கார்த்திகை பிறந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துவிடும். அந்தக் குளிரில் நடந்து வந்து, அவள் எழுந்துபோன இடத்தில் போய்ப் படுக்கிற சுகத்தை யாரிடமும் சொன்னதில்லை. மெத்தையில் அவள் உடம்பு விட்டுப்போன சூடு இருக்கும். எனக்காக யாரோ சோற்றை மூடி வைத்திருந்தது போல இருக்கும். சூடு ஆறுவதற்குள் தூங்கிவிடுவேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சூடு இல்லை.

சீக்கிரம் எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் விரிப்பைப் பார்த்தேன். முந்தின மாலை நான் இழுத்துவிட்டது போலவே கசங்காமல் இருந்தது.

"ராத்திரி தூங்கலையாடி?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள், யாரோடோ விழித்திருக்கிறாள் என்று எனக்கு அந்த நொடியே தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாகவே வந்து சேர்ந்தது.

யாரோடு என்பதும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மாடியறையில் நான்கு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் சந்தோஷ் எங்கள் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஓசூரை ஒட்டிய பேரிகைப் பக்கத்துக்காரன். அம்மாவோடு போனில் கன்னடம், வீட்டு மாடுகளைப் பற்றித் தம்பியோடு தெலுங்கு, எங்களோடு தமிழ். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் லைனில் என் பக்கமாக வந்தவன், தலைக்கு மேல் தொங்கும் ஸ்க்ரூ மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உங்க ஹைட்டுக்கு இது ஒசரம். தோள் வலிக்கலையா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் ஏணி போட்டு ஏறி நாலு அங்குலம் இறக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. அந்த நாலு அங்குலத்தை வைத்து நான் ஒரு வீடு கட்டியிருந்தேன். அதில் ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு வெளியே மழையும் பெய்ய வைத்திருந்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது. கவிப்ரியாவுக்கு மட்டும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

அதனால்தான் என் பொறாமை அவ்வளவு கசந்தது. தெரிந்தே செய்கிறாள் என்று நினைத்தேன்.

அவளிடம் எல்லாம் மாறிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, வீரலட்சுமி அக்கா வீட்டு டிவியில் படம் பார்த்து, வில்லனைத் திட்டிவிட்டு வருவாள். இப்போது கூப்பிட்டால், "தலை வலிக்குது, நீ போ" என்றாள். டிஃபன் பாக்ஸில் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்தது. இடுப்பு மெலியப் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்து எதையோ வெகுநேரம் பார்ப்பாள். நான் பக்கத்தில் போனால் அணைத்துவிடுவாள். பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லையே என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

கம்பெனியிலும் அவளுக்கு யோகம்தான். ஜெனரல் ஷிஃப்டில் இருந்த சரிதா சொன்னாள்: "உன் ரூம்மேட்டுக்கு உக்காந்த வேலை குடுத்துட்டாங்க தெரியுமா? லேபிள் ஒட்டற டேபிள்." எட்டு மணி நேரம் நின்று கால் வீங்குகிற எங்களுக்கு ஒரு ஸ்டூல் என்பது பதவி உயர்வு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஸ்க்ரூவை மாற்றிப் போட்டாள், கை ரொம்ப மெதுவாகிவிட்டது, அதனால்தான் மாற்றினார்கள் என்றும் சரிதா சொன்னாள். என் காதில் ஸ்டூல் மட்டும் விழுந்தது.

ஒரு சாயங்காலம் தன் பச்சை ஸ்வெட்டரை எடுத்து என் மடியில் வைத்தாள். போன வருடம் இரண்டு பேரும் சேர்ந்து கடை கடையாக ஏறி இறங்கி அவள் ஆசைப்பட்டு எடுத்தது.

"நீ போட்டுக்க. பஸ்ல குளிருமில்ல ஒனக்கு."

"ஒனக்கு வேண்டாமா?"

"எனக்கு இன்னாத்துக்கு?"

புதிதாக ஒன்று வரப்போகிறவள்தான் பழையதை இப்படிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். ஆனாலும் போட்டுக்கொண்டேன். குளிர் அப்படி.

அன்றைக்கு இரவு வேலைக்குக் கிளம்பும்போது தலையணையின் நட்டநடுவில் என் ஹேர்பின் ஒன்றை வைத்துவிட்டுப் போனேன். அவள் குளியலறையில் இருந்தாள். காலையில் வந்து பார்த்தேன். ஹேர்பின் வைத்த இடத்திலேயே இருந்தது. இம்மிகூட நகரவில்லை.

மாதக் காலண்டரில் அந்தத் தேதியில் சிவப்பு மையால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். மெத்தை குளிர்ந்திருந்த பழைய நாட்களையும் நினைவுபடுத்தி வைத்தேன். அப்புறம் தினமும் ஹேர்பின், தினமும் புள்ளி. சோறு திரும்பி வந்த நாளில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அழுத கண்ணோடு இருந்த நாளில் ஒரு பெருக்கல் குறி. என்றைக்காவது ஒருநாள் அவள் முன்னால் அந்தக் காலண்டரை விரித்துப் போட்டு, "இதுக்கு என்ன சொல்லுத?" என்று கேட்க வேண்டும். அந்தக் காட்சியை லைனில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் அவள்தான் தலைகுனிந்தாள்.

மார்கழி பிறந்த வாரம் எங்கள் பஸ் பதினைந்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. கேட்டைத் திறந்து உள்ளே வருகிறேன், மாடிப்படியில் கவிப்ரியா இறங்கி வருகிறாள். தலை கலைந்திருந்தது. செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள்.

"எங்கிட்டுப் போன?"

"சும்மா."

"மாடிக்கா?"

"ம்."

அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் அந்தக் கட்டிலில் படுத்தேன். எனக்கும் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடத்தில் அதுதான் முதல்முறை.

இரண்டு நாள் கழித்து சந்தோஷ் என்னைத் தேடி வந்தான். கேட்டுக்கு வெளியே பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆறு மாதத்தில் அவனாக வந்து பேசியது இது இரண்டாவது முறை. பச்சை ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வினிதா, ஒரு நிமிஷம். உங்க ரூம்மேட்டைப் பத்தி ஒண்ணு பேசணும்."

என்னிடமே வந்து சொல்லப்போகிறான், அனுமதி கேட்பது போல என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியுமா? அப்ப நீங்க பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கிடுதேன்."

குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று இரவு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கவிப்ரியாவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். தளிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவின் பெயர் கெம்பம்மா. ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவள். ஏதாவது ஒன்று என்றால் கூப்பிடு என்று என்னிடம் நம்பர் கொடுத்திருந்தாள்.

"அம்மா, நீங்க ஒருதடவை வந்து பாத்துட்டுப் போங்க. ராத்திரியில இவ ரூம்ல தூங்குறதில்ல."

"ஞாயித்துக்கெழம வரன்" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கெம்பம்மா வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை, அதில் ஊரிலிருந்து கொண்டுவந்த ராகி மாவும் அவரையும். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பின்னாலேயே வீரலட்சுமி அக்கா வந்தாள். சாத்தூரிலிருந்து இருபது வருடத்துக்கு முன் வந்து, சீட்டுப் பிடித்து, இந்த ஆறு அறைகளையும் கட்டியவள். தனக்குத் தெரியாமல் இந்தக் காம்பவுண்டில் ஒரு பல்லிகூட முட்டையிடக் கூடாது என்பவள்.

கவிப்ரியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரிலெ எங்கடி போற?" என்றாள் கெம்பம்மா.

கவிப்ரியா விரிப்பின் ஓரத்தை நீவினாள்.

"கேக்கறனில்ல? ஏனாயித்து நினகெ, இன்னா ஆச்சு ஒனக்கு?" கோபம் வந்தால் கெம்பம்மாவுக்குக் கன்னடம்தான் வரும்.

"தப்புதாம்மா" என்றாள் கவிப்ரியா.

"இன்னா தப்பு?"

"எல்லாந்தான். எம்மேலதான் எல்லாத் தப்பும்."

வீரலட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏத்தா, மூடி மூடிப் பேசாத. எவன்? மாடியில இருக்கானே, அந்த சந்தோஷா?"

கவிப்ரியா தரையைப் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

நான் நினைத்தது சரியாகிவிட்டது. எத்தனையோ நாள் காத்திருந்த சந்தோஷம் வந்தது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் அது இருந்தது. அப்புறம் நெஞ்சுக்குள் நான் கட்டிய வீடு ஜன்னலோடு இடிந்தது.

"ஏய் சந்தோசு! இறங்கி வாடா கீழ!" என்று வீரலட்சுமி அக்கா போட்ட சத்தத்தில் ஆறு அறைக் கதவும் திறந்தது. அவன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நுரையை விழுங்கிவிட்டான்.

"அய்யோ அக்கா! எங்க ரூம்ல நாலு பேரு. காலை நீட்டவே எடம் இல்ல. எதுக்கு என் தலையில கட்டறீங்க?"

"அந்தப் புள்ளயே சொல்லுதே!"

அவன் கவிப்ரியாவைப் பார்த்தான். அவள் நிமிரவே இல்லை. வீரலட்சுமி அக்காவுக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இவன் இல்லைங்கானே. அப்ப யாரு, உங்க சூப்பர்வைசரா?"

"ஆமா."

"பால் ஊத்த வாராரே கிழவனாரு, பல்லு இல்லாதவரு. அவரா?"

"ஆமா."

யாரோ சிரித்தார்கள். வீரலட்சுமி அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் கதவுகள் மூடிக்கொண்டன.

"கெம்பம்மா, இந்தப் புள்ள எவனச் சொன்னாலும் ஆமாங்குது" என்றாள் மெல்ல. "நீதான் கொலை பண்ணியான்னு கேட்டாலும் ஆமாங்கும். இது வேற என்னமோ."

சந்தோஷ் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இவங்க தண்ணி டேங்க் பக்கத்துலதான் உக்காந்திருப்பாங்க. காலைல அஞ்சு மணிக்கு மோட்டார் போட நான் வெளிய வருவேன். அப்ப பாத்திருக்கேன். ஒருநாள் இல்ல, பத்துப் பன்னெண்டு நாள். தூங்கலையான்னு கேட்டா, வரலைன்னு சொல்வாங்க. பனியில துப்பட்டாகூடப் போட்டுக்காம உக்காந்திருப்பாங்க. எனக்கு பயமா இருந்துச்சு. அங்க கைப்பிடிச் சுவர் வேற இல்ல." பிறகு என்னைப் பார்த்தான். "அதைச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். தெரியும், பாத்துக்கறேன்னு சொன்னீங்களே?"

நான் அப்போதும் அந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தேன்.

கெம்பம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. மெத்தை குளிர்ந்திருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு இழுத்தாள். "எழுந்திரு. ஊருக்குப் போலாம். வேலையும் வேணா, ஒண்ணும் வேணா. எங்கண்ணன் அவன் மவனுக்குக் கேட்டுனே இருக்கறான், தை பொறந்தா கட்டிக் குடுத்துடறன். எல்லாம் செரியாப் போயிடும்."

கவிப்ரியா மறுபேச்சுப் பேசாமல் எழுந்து துணியை மடிக்கத் தொடங்கினாள். ஒரு சுடிதார் டாப்ஸை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். கை எங்கே போவதென்று தெரியாதது போல நின்றது. மூன்றாவது முறையும் பிரித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைனில் ஒரு மணி நேரத்தில் அறுபது மீட்டர் முடித்த கை அது. பயிற்சியில் அவளைப் பார்த்துத்தான் எங்கள் பேட்ச் முழுவதும் கற்றுக்கொண்டது.

இப்படியே இவளைக் கூட்டிக்கொண்டு போனால், யாரைக் காட்டி இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லுவாள் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது என்னுடைய ஒரு போன்.

"அம்மா, நாளைக்கு ஒருநாள் டாக்டர்ட்ட காட்டிட்டுப் போங்க."

"இன்னான்னு காட்றது? காய்ச்சலா? அடிபட்டுக்கிச்சா?"

ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினேன். கட்டிலின் மேல் விரித்தேன். நான் எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்த காட்சிதான். ஆனால் தலைகுனிந்து நின்றது நான்.

"புள்ளி வெச்சதெல்லாம் இவ படுக்காத நாளு. முப்பத்தேழு இருக்கு. கோடு போட்டது சாப்பிடாத நாளு. இது அழுத நாளு."

கெம்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புள்ளிகள் தெரிந்தன. ஒரு விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனாள். அடுத்த மாதத் தாளுக்கு வந்ததும் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இத்தனை நாளு பாத்தியா? பாத்து எழுதி வெச்சியா?" என்றாள் வீரலட்சுமி அக்கா. "ஒரு வார்த்தை கேக்கலையா? எதுக்குடி இத எண்ணுன?"

சந்தோஷ் வாசலில்தான் நின்றிருந்தான். அவன் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தேன். போகவில்லை.

"பொறாமையில" என்றேன்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் போர்டைப் பார்த்ததும் கெம்பம்மா முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள். டாக்டர் இளவயதுப் பெண். எப்போதிருந்து தூக்கமில்லை, பசி எப்படி, முன்பு பிடித்த காரியம் எதுவும் இப்போது பிடிக்காமல் போனதா, எடை குறைந்ததா, வேலையில் கவனம் தவறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கவிப்ரியா எல்லாவற்றுக்கும் "தெரில" என்றாள். கெம்பம்மாவுக்கும் தெரியவில்லை.

நான் சொன்னேன். எல்லாம் தேதியோடு சொன்னேன். ஸ்க்ரூ மாறிய மூன்று நாளை, டிவி பார்ப்பதை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமையை, ஸ்வெட்டரைக் கொடுத்த சாயங்காலத்தை. டாக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"கூட இருக்கறவங்க யாரும் இவ்வளவு கவனிச்சுச் சொன்னதில்ல. நீங்க அக்காவா?"

"ரூம்மேட்டு" என்றேன். காது சுட்டது.

"போன்ல என்ன பாப்பீங்க கவிப்ரியா? இவங்க சொல்றாங்களே."

அவள் போனை எடுத்து நீட்டினாள். அது ஒரு படம். போன் திரையையே எடுத்து வைத்த படம். அம்மா, அம்மா, அம்மா என்று பதினான்கு மிஸ்டு கால். போன மாசியில் அவள் அப்பா கங்கப்பன் இறந்த நாள். எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்து போனைப் பார்த்தபோது அவர் உயிர் போய் நேரமாகியிருந்தது. எட்டாம் நாள் லீவு தீர்ந்து வேலைக்கு வந்துவிட்டாள். அன்று காலை நான்தான் அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு பத்து மாதம் ஓடிவிட்டதால், அது முடிந்த கதை என்று நினைத்திருந்தேன்.

"எடுத்திருந்தா உசுரோட மூஞ்சியாச்சும் பாத்திருப்பன்" என்றாள் கவிப்ரியா.

டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு கெம்பம்மாவை அழைத்துச் சொன்னார். "இது திமிரோ சோம்பலோ இல்லம்மா. மன அழுத்த நோய். அப்பா போனது ஒரு காரணமா இருக்கலாம். அழுது தீர்க்காம வேலைக்கு வந்தது இன்னொண்ணு. உடம்புலயும் ஏதாவது இருக்கலாம், தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பாப்போம். ஒரே காரணத்தைத் தேடிட்டு இருக்காதீங்க. தப்பெல்லாம் எம்மேலன்னு அவ சொல்றதும் நோய்தான், அதை நம்பாதீங்க. மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். தனியா விடாதீங்க. கல்யாணப் பேச்சு இப்ப வேண்டாம்."

"கட்டிக் குடுத்தா செரியாவாதா?"

"கால் உடைஞ்சவளுக்குக் கல்யாணம் பண்ணா கால் கூடிடுமா?"

கெம்பம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

மருந்துக்கு வரிசையில் அவள் நின்றபோது, நானும் கவிப்ரியாவும் பெஞ்சில் இருந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, கிணற்றிலிருந்து சேந்துவது போல.

"மொதல்ல படுத்துத்தான் இருப்பன். தூக்கம் வராது. எழுந்து கீழ உக்காந்துக்குவன். விடிகாலைல விரிப்ப இழுத்து உடுவன், நீ வந்து படுக்கணுமேன்னு. அப்புறம் நீ பின்னு வெச்சிட்டுப் போன."

"அது..."

"இது எம்படுக்க, இதுல படுக்காதன்னு சொல்ற மாதிரி இருந்திச்சு. செரிதான, நான் எதுக்கு எடத்த அடச்சினுன்னு நெனச்சன். அதான் அதத் தொடவே இல்ல."

அவள் ராத்திரியில் படுக்கிறாளா என்று கண்டுபிடிக்க நான் வைத்த ஹேர்பின். அதுதான் அவளைக் கட்டிலை விட்டு இறக்கி மாடிக்கு அனுப்பியிருந்தது.

"எனக்கும் ஒம்மேல பொறாமதான்" என்றாள் சற்றுப் பொறுத்து.

"எம்மேலயா? எதுக்கு?"

"நீ வருவ. படுப்ப. அஞ்சு நிமிஷத்துல வாயப் பொளந்துனு தூங்கிடுவ. நான் பஸ்ஸுக்கு நேரமாவற வரைக்கும் ஒன்னப் பாத்துனே நிப்பன். அந்தத் தூக்கத்தையாச்சும் எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு இருக்கும்."

அவள் அப்பாவைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது.

கெம்பம்மா தளிக்குத் திரும்பவில்லை. மூன்று வாரம் எங்கள் அறையிலேயே இருந்து ராகிக் களி கிண்டினாள். மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்தாள். என்னோடு முதல் ஒரு வாரம் பேசவில்லை. வீரலட்சுமி அக்கா யாரிடமும் எதுவும் சொல்லாமல் மாடிப்படிக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டி, மாடிப் பையன்களுக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்தாள். மோட்டார் சுவிட்ச் கீழே வந்துவிட்டது. சந்தோஷ் வழியில் பார்த்தால் நின்று கேட்பான்: "கவிப்ரியா எப்படி இருக்காங்க?" ஒவ்வொரு முறையும் அவளைப் பற்றித்தான் கேட்பான். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அது இன்னமும் முள்ளாகத்தான் குத்துகிறது. நல்லவளாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒரேயடியாக எதுவும் சரியாகவில்லை. ஒருநாள் நன்றாகப் பேசுவாள், மறுநாள் சுவரைப் பார்ப்பாள். மாத்திரையில் வாய் உலர்கிறது என்று அழுவாள். இரண்டாம் முறை போனபோது டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். ஒருநாள் சாயங்காலம் வீரலட்சுமி அக்கா வீட்டு டிவிக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, "வில்லன் மூஞ்சியப் பாரு" என்றாள். கெம்பம்மா சமையலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் ஊருக்குக் கிளம்பினாள்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கைவிரல் மரத்துப்போய் ஏழு மணிக்கு அறைக்கு வந்தேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மாடிப்படி கேட்டைப் பார்த்தேன்; பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்தேன்.

கவிப்ரியா கட்டிலில் கிடந்தாள். ஒரு கால் போர்வைக்கு வெளியே. தலையணை தரையில். வாய் திறந்திருக்க, லேசான குறட்டை.

எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். கண் எரிந்தது. இப்போது அந்தக் கட்டில் என்னுடையது, அதுதான் ஒப்பந்தம். அவளோ அப்படித் தூங்கிக்கொண்டிருந்தாள், உலகத்தில் பஸ்ஸே இல்லாதது போல. அவளைப் பார்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றேன். பொறாமையாக இருந்தது. இந்த முறை எதைப் பார்த்து என்று தெளிவாகத் தெரிந்தது.

அன்றைய லீவுக்கு அவள் சூப்பர்வைசருக்கு நானே மெசேஜ் அனுப்பினேன். தலையணையை எடுத்துத் தட்டி அவள் தலைக்குக் கீழே செருகினேன். அப்புறம் அவள் முதுகைத் தள்ளினேன்.

"நகந்து படுட்டி. கொஞ்சம் எடம் குடு."

கண் திறக்காமலே சுவர்ப் பக்கம் உருண்டாள். அவள் விட்ட இடத்தில் நுழைந்து படுத்தேன். மெத்தை சூடாக இருந்தது. அவளை இடிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். கட்டில் அவ்வளவு சின்னது.

"ச்சீ" என்று முனகினாள் தூக்கத்தில். "காலு ஐஸு மாரி இருக்குது. எடு அந்தப் பக்கம்."

எடுக்கவில்லை.